சிப்பிக் கொட்டகை அப்பன்மார்

தூத்துக்குடியில் மாதா கோயில் மணி கலகலவென்று விடாமல் அடித்தால், ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு பிள்ளை குணமாகி வீட்டுக்குப் போகிறது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. கவனித்து, ஒப்பிட்டுப் பார்த்து, யோசித்து ஒரு முடிவுக்கு வந்து நம்பினேன். முட்டாள்தனத்தையும் முறையாகச் செய்கிற ஆள் நான். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

எழுபதுகளின் தொடக்கம் அது. தேரிக்காட்டுப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். நாற்பதை நெருங்குகிற வயதில் எனக்கு ஒரே பிள்ளை, ஆறு வயது மகள். கடைக்கு வருகிறவர்கள் பாதி சாமானுக்கு வருவார்கள், பாதி என் வாய்க்கு வருவார்கள். மிளகாய் நிறுக்கிற நேரத்தில் யாரையாவது ஒரு கிண்டல் செய்து அனுப்பாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

என் மகள் ஒருநாள் விளையாடப்போன இடத்தில் விழுந்து வந்தாள். இடது தொடையில் வலி என்றாள். சுளுக்கு என்று பத்துப் போட்டோம். காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தோம். தொடை வீங்கிப் பளபளவென்று மினுங்க ஆரம்பித்தபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்புக்குள்ளே சீழ் பிடித்திருக்கிறது, உடனே தூத்துக்குடிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பஸ்ஸில் போகும்போது என் மனைவியிடம் சொன்னேன்: "ரெண்டு ஊசியைப் போட்டு அனுப்பிருவான். நாளைக்கு நான் கடை தொறந்திருவேன், பாரு." உடுத்தியிருந்த வேட்டியைத் தவிர மாற்று வேட்டிகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு பெண் துணைதான் இருக்கலாம். ஆண்களுக்குச் சாயங்காலம் பார்வை நேரம் மட்டும். மணியடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். முதல் நாள் என்னை வெளியே அனுப்பியபோது நான் மதில் ஓரமாக நின்றேன். எங்கே போவது? அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் மொத்த வியாபாரக் கடைக்காரர்கள்தான். அவர்களுக்கு என் சரக்குச் சீட்டுதான் தெரியும், என் முகம் தெரியாது. டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, கடல் பக்கத்துலயே இருக்குங்கிறதுக்காக டீயிலயும் உப்பா போடணும்?" என்றேன். எங்கள் ஊரில் இதற்கு நாலு பேராவது சிரித்திருப்பார்கள். கடைக்காரர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "தண்ணி அப்படி" என்று சொல்லி வேறு டீ போட்டுக் கொடுத்தார். அவ்வளவு மரியாதையான ஊரில் அன்றைக்கு இருந்ததுபோல நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை.

மறுபடியும் மதிலோரம் வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஒரு பெண் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கழுத்தில் ஜெபமாலை. என்னைப் பார்த்து நின்றார்.

"பிள்ளை வார்டா?"

"ஆமா."

"அப்பன்தான?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லுதாவ."

அவரும் சிரிக்கவில்லை. "எந்திரிங்க அண்ணாச்சி. படுக்க எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பிள்ளை வார்டுக்கு வருகிற வெளியூர் அப்பன்மாரையெல்லாம் அவர் அப்படித்தான் பொறுக்கிக்கொண்டு போவார் என்று பிறகு தெரிந்தது.

திரேஸ்புரத்தில் அவர் வீடு. புருஷன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. பாதி வருஷம் ஊரில் இருக்கமாட்டார். வீட்டையொட்டி நீளமாக ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைக் குவித்து வைத்த இடம். கடலில் சிப்பி விளையவில்லை என்று சர்க்கார் முத்துக்குளிப்பை நிறுத்திவைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. சிப்பி போனாலும் அது அழுகிய வாடை சுவரைவிட்டுப் போகவில்லை. அந்த வாடைக்குள்ளே பாயை விரித்து ஏழெட்டு அப்பன்மார் கிடந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தரையிலிருந்த வெடிப்பில் விரலை விட்டு நோண்டினேன். வியாபாரி புத்தி. ஒரு முத்தாவது தட்டுப்படாதா?

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் ஆலந்தலைக்காரர், கடல் தொழில். திரும்பிப் படுத்தபடியே சொன்னார்: "உமக்கு முன்னால வந்த அப்பன்மாரு எல்லாம் நோண்டியாச்சு வே. படும்."

அவருடைய மகளுக்கு நாலு வயது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. என் மகளுக்குப் பக்கத்துக் கட்டில்தான் அது. அதனால் அவரும் நானும் ஒருமாதிரி சம்பந்தி போல ஆகிப்போனோம்.

கொட்டகை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய்வருகிற அப்பன் கையில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டுவருவான். ஆலந்தலைக்காரர் வீட்டிலிருந்து கருவாடு, என் கடையிலிருந்து அரிசியும் கருப்பட்டியும், இன்னொருவர் வீட்டிலிருந்து முருங்கைக்காய். அந்த அக்கா அதையெல்லாம் சேர்த்துப் பொங்கி, கஞ்சியும் குழம்புமாக வார்டிலிருக்கும் அம்மாமாருக்குக் கொண்டுபோவார். காலையில் இரண்டு நடை. முதல் நடை கஞ்சிப் பானை. இரண்டாம் நடை காய்ச்சிய நல்ல தண்ணீர், ஏனென்றால் ஊர்த் தண்ணீர் உப்பு. ஆஸ்பத்திரியில் அவரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் உள்ளே விடுவார்கள்.

பானையோடு சேதியும் போகும். அப்பன்மார் சொல்வதை அம்மாமாரிடமும், அம்மாமார் சொல்வதை அப்பன்மாரிடமும் சேர்ப்பது அவர்தான். ஆனால் அந்தச் சேதி போகிற வழியில் இளைத்துவிடும். நான் ஒரு காலையில், "அவகிட்ட சொல்லுங்கக்கா, இங்க எட்டு அப்பன்மாரும் விடுத குறட்டையில துறைமுகத்துக் கப்பலெல்லாம் பதிலுக்கு ஊதுது, அவ குறட்டை ஒண்ணுதான் பாக்கி, அதுவும் வந்துட்டா கச்சேரி வைக்கலாம்னு சொல்லுங்க" என்று ரசித்து ரசித்துச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் மனைவியிடம் சேதி வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. சாப்பிடச் சொன்னியளாம்."

அவள் அனுப்புவதும் அப்படித்தான். காலையெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சட்டை மாற்று, பீடி குடிக்காதே, கடைச் சாவி யாரிடம் கொடுத்தாய் என்று. என்னிடம் வந்து சேருவது ஒரே வரி: "சொகமாயிருக்காவளாம். சாப்பிடச் சொன்னாவ." புருஷன் பெண்டாட்டி பேச்சில் தேவையானது அவ்வளவுதான் என்று அந்த அக்கா முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

பகலெல்லாம் எனக்கு வேலையே கிடையாது. மற்ற அப்பன்மார் ஏதாவது கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். ஆலந்தலைக்காரர் தெரிந்தவர் படகில் வலை இழுக்கப் போவார். எனக்குத் தெரிந்த வேலை தராசு பிடிப்பதும் வாயடிப்பதும். தராசு ஊரில் இருந்தது. வாயடிக்க ஆள் இல்லை. உப்பு மூட்டை வண்டி போவதைப் பார்ப்பேன். கடற்கரையில் போய் நின்று தோணிகளை எண்ணி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். ஆஸ்பத்திரி மதிலை ஒரு சுற்றுச் சுற்றி, எந்த ஜன்னலுக்குப் பின்னால் என் பிள்ளை கிடக்கிறாள் என்று உத்தேசமாக ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது மருந்து சாமான் வைக்கிற அறை என்று பிற்பாடு தெரிந்தது. பஞ்சு மூட்டையைப் பார்த்துத்தான் அத்தனை நாளும் கண் கலங்கியிருக்கிறேன்.

இப்படிச் சும்மா இருந்தவன் மூளைதான் மணியை ஆராய ஆரம்பித்தது.

முதல் தடவை ஒரு காலையில் மணி அடித்தது. குஷியான மணி. திருநாளுக்கு அடிப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடுகிற சத்தம். அன்று மத்தியானமே உடன்குடிக்காரர் ஒருவர் பாயைச் சுருட்டினார். "பிள்ளைக்கு சரியாயிட்டு, போகச் சொல்லிட்டாவ" என்றார். சில நாள் கழித்து மறுபடி அதே மணி. அன்றைக்கும் ஒருவர் பாயைச் சுருட்டினார். எனக்குப் பொறி தட்டியது. இந்தக் கடற்கரைக்காரர்கள் பிள்ளை குணமானால் கோயிலில் வேண்டிக்கொண்டபடி மணி அடிக்கிறார்கள்! சாவு மணி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சாயர்புரத்துக்குச் சரக்கு கொண்டுபோகும்போது வேதக்கோயிலில் கேட்டிருக்கிறேன். ஒன்று அடிப்பார்கள். நிறுத்துவார்கள். சத்தம் அடங்கினபிறகு இன்னொன்று. அதைக் கேட்டால் மாடுகூட நின்றுவிடும். இது அதுவா? இது கல்யாண வீட்டு மணி. நான் யாரிடமும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா?

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். காலை நீட்டி, பலகை வைத்துக் கட்டி, ஊசி போட்டுப் போட்டுத் தோல் கன்றிப்போய்க் கிடந்தாள். வீட்டுக்கு எப்போது போவோம் என்பதுதான் அவள் தினமும் கேட்கிற கேள்வி.

"காலையில மணி கேட்டியா?"

"ம்."

"அது என்னன்னு தெரியுமா? ஒரு பிள்ளைக்கு சரியாயிட்டுன்னா அடிப்பாவ. ஒருநாள் உனக்கும் அடிப்பாவ. அன்னைக்கு நாம வீட்டுக்குப் போயிரலாம்."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. பக்கத்துக் கட்டில் ஆலந்தலைச் சின்னக்குட்டியிடம் உடனே சொன்னாள்: "உனக்கும் அடிப்பாவளாம்ளா!" அந்தக் குட்டியும் சிரித்தது. அதன் அம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். நான் பெருமையோடு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு மணி அடித்த காலைகளில் கடைக்குப் போய்க் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து கொட்டகையில் எல்லோருக்கும் கொடுப்பேன். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லாயிட்டு. வாயைத் தொறங்க." எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். ஆலந்தலைக்காரர் வாங்கி, கையிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்து, பிறகு சாப்பிடுவார். பல்வலி என்று நினைத்தேன்.

ஊசியால் சீழ் அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் டாக்டர் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு, மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் என்றார். எலும்பைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் சீழின் விஷம் இரத்தத்தில் ஏறிவிடும், அப்புறம் காலைப் பற்றிய பேச்சே இல்லை என்றார். அதன் அர்த்தம் எனக்கு மதிலைத் தாண்டி வந்தபிறகுதான் உறைத்தது. காலைப் பற்றிய பேச்சே இல்லை என்றால் பிள்ளையைப் பற்றிய பேச்சு என்று அர்த்தம்.

விடிந்ததும் மணி அடித்தது. அதே குஷியான மணி. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இன்றைக்கா! இதைவிட நல்ல சகுனம் உண்டா? ஓடிப்போய் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "முதல்ல நீங்க எடுங்கக்கா. இன்னைக்கு எம்மவளுக்கு ஆபரேசன். நல்ல மணியா அடிச்சிருக்கு."

அவர் பானையைக் கீழே வைத்தார். "என்ன நல்ல மணி?"

"பிள்ளைக்கு சரியானா அடிக்கிற மணிதான?"

"யார் சொன்னா ஒங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை என்பதால் மிட்டாய்ப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, அது சின்னப் பிள்ளை செத்தா அடிக்கது. ஞானஸ்நானம் வாங்குன பாலகன் செத்தா நேரா மோட்சத்துக்குப் போயி சம்மனசா, தேவதூதனா ஆயிருது. பாவமே பண்ணாத ஆத்துமாவுக்கு எதுக்கு துக்க மணின்னு, திருநாள் மணி அடிப்பாவ. தலையில பூமுடி வச்சு, கோலாகலமாத்தான் கொண்டுபோவாவ."

கையில் மிட்டாய்ப் பொட்டலம். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாய்களில் உட்கார்ந்திருந்த அப்பன்மார் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எத்தனை காலை மிட்டாய் கொடுத்தேன்! எத்தனை வீட்டில் பூமுடி கட்டினார்கள்!

அதுகூடப் பரவாயில்லை. உனக்கும் ஒருநாள் அடிப்பார்கள் என்று பெற்ற மகளிடம் சொல்லிவைத்தேனே? என் வாயால், சிரித்துக்கொண்டே?

அப்போது எனக்கு வந்த பயத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது நின்ற இடத்திலேயே வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். ஏனென்று கேட்காதீர்கள், பயம் வந்தால் எனக்கு வேட்டி நிற்காது. பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். வேறென்ன, முட்டாள்தனமான தீர்மானம்தான். "அக்கா, ஆபரேசன் வேண்டாம். நான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். ஒரு பிளஷர் கார் பிடிச்சிட்டு வாரேன். நீங்க உள்ள போயி அவகிட்ட துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"கூட்டிட்டுப் போயி?"

"வீட்ல வச்சிப் பாத்துக்கிடுதேன். இந்த ஊரே வேண்டாம். இந்த மணி கேக்காத எடத்துக்குப் போயிருதேன்."

"சீழுக்கு ஒங்க கடையில என்ன வச்சிருக்கிய? பெருங்காயமா?"

அவர் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "நீங்க சொன்னதை ஒங்க பெஞ்சாதிகிட்ட சொல்லுதேன். அவ சொல்லுதபடி செய்ங்க."

முதல் நடை போய்த் திரும்பி வருகிறவரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். அவர் வந்து, என் முகத்தைப் பார்த்து, முதல் தடவையாகச் சேதியை ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தார்:

"'பிள்ளையைத் தூக்கப்போறேன்னு வார்டுப் பக்கம் வந்தா ரெண்டு காலையும் முறிச்சுப்போடுவேன்னு சொல்லு. பத்துப் போட்டு பத்துப் போட்டு இம்புட்டு தூரம் கொண்டாந்ததும் அந்த மனுசன்தான். போயி ஒரு மூலையில வாயை மூடிட்டு உக்காரச் சொல்லு.' அவ்வளவுதான். சாப்பிடச் சொல்லல."

ஆலந்தலைக்காரர் பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். என்னை வைத்து வந்த சிரிப்புத்தான், ஆனால் நான் சொன்னதற்கு இல்லை.

அக்கா தண்ணீர்த் தவலையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணு. பிள்ளை மணிச் சத்தத்தைக் கேட்டிருக்கு. எனக்கா அடிச்சாவ, எனக்கா அடிச்சாவன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு."

"நீங்க சொல்லிரக்கூடாதாக்கா? அது வேற மணின்னு?"

"நான் ஏன் சொல்லணும்? ஒங்க வாய்தான சொல்லுச்சு. தவலையைத் தூக்குங்க. எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு."

அவருக்கு இடுப்பு பிடிக்கவில்லை. அவர் முன்னால் நடக்க, வெந்நீர்த் தவலையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வாசல்காரர் மறித்தார்.

"ஆரு இது?"

"தண்ணி தூக்குத ஆளு."

"கையெல்லாம் நடுங்குது?"

"புதுசுல்லா. பழகிருவான்."

வார்டுக்குள் பகல் வெளிச்சத்தில் அன்றுதான் முதல்முறை நுழைந்தேன். என் மனைவி என்னைப் பார்த்து எழுந்தாள். காலை முறிக்கத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். அவள் வந்து தவலையை என் தோளிலிருந்து இறக்கினாள். "இந்த மனுசன்கிட்ட யாரு வெந்நியைக் குடுத்தது? பிள்ளைமேல கொட்டிருவாவ" என்றாள். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. சாப்பிட்டாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மகள் என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "அப்பா, எனக்காப்பா அடிச்சாவ?"

"இல்லளா."

"பெறகு எப்ப அடிப்பாவ?"

வழியெல்லாம் வேடிக்கையாக ஒரு கதை தயார்செய்து வைத்திருந்தேன். ஒரு வரி வரவில்லை. "உனக்கு அடிக்க மாட்டாவ" என்றேன்.

"ஏன்?"

"அது அந்தக் கோயில் பிள்ளைகளுக்கு உள்ளது. நமக்குக் கிடையாது."

"நீ அடிப்பாவன்னு சொன்னல்லா?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

அவள் யோசித்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலைக் கைகாட்டினாள். "அப்ப அவளுக்கு மட்டும் அடிப்பாவளா?"

ஆலந்தலைக்காரர் மனைவி அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. நான் அவளைப் பார்க்க முடியாமல் சொன்னேன்: "அவளுக்கும் அடிக்க மாட்டாவ. ரெண்டு பேருக்கும் வேண்டாம். நாம மணியில்லாமப் போவோம்."

அந்த அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கரண்டியைப் பிள்ளை வாயில் வைத்தாள்.

என் மகளுக்கு இதொன்றும் ஒப்பவில்லை. உதடு பிதுங்கியது. "எனக்கு மணி வேணும்" என்று அழ ஆரம்பித்தாள். மிட்டாய் வாங்கித் தருகிறேன், வளையல் வாங்கித் தருகிறேன், கப்பல் காட்டுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். "நீ பொய் சொல்லுத. போ" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் ஆபரேஷன் என்றால் மதிலுக்கு வெளியே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. எப்போது கொண்டுபோனார்கள், எப்போது மயக்க மருந்து கொடுத்தார்கள், எதுவும் தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆலந்தலைக்காரர் மட்டும் அன்று கடலுக்குப் போகவில்லை. காற்று சரியில்லை என்றார். வெளியே ஓர் ஓலைகூட அசையவில்லை.

நான் கேட்டேன்: "நான் மிட்டாய் தந்தப்பல்லாம் வாங்கித் தின்னீரே. ஒரு வார்த்தை சொன்னா என்னவே?"

"சிரிச்ச மொகமா வந்து நீட்டுதீரு. எப்படிச் சொல்ல?" பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டே சொன்னார்: "ஒம்ம மவ மணி கேட்டாச் சிரிக்குமாம். அதைப் பாத்து எம்மவளும் சிரிக்குமாம். வீட்டுக்காரி சொல்லிவிட்டா. சரி, சிரிச்சுட்டுப் போகுதுன்னு விட்டுட்டோம்."

ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெயில் பாய்மேல் விழுந்து மெதுவாக நகர்ந்தது. ரொம்பநேரம் கழித்து அவர், "ஏதாவது பேசும்வே" என்றார். "ஒம்ம சத்தம் இல்லாம கொட்டகை ஒருமாதிரி இருக்கு."

அத்தனை நாளாக யாரும் கேட்கவில்லையே என்று அலைந்த வாய்க்கு, கேட்க ஒரு ஆள் கிடைத்தார். என்னிடம் ஒன்றும் இல்லை. தேடிப்பார்த்தேன். கடையில் சொன்னது, கல்யாண வீட்டில் சொன்னது, எதையெடுத்தாலும் பாதியிலேயே, நீ பொய் சொல்லுத போ என்று அவள் முகத்தைத் திருப்பியதில் வந்து முடிந்தது. உனக்கு மணி இல்லை என்று நான் சொன்னதே அவளுக்குச் சொன்ன கடைசி வார்த்தையாகிவிட்டால்? மணி இல்லை என்பதா ஒரு தகப்பன் பிள்ளையிடம் கடைசியாகச் சொல்கிற வார்த்தை?

வெயில் சாய்ந்தபிறகு அக்கா வந்தார். வாசலில் நின்று, "சொகமாயிருக்கா. ஒங்களைச் சாப்பிடச் சொன்னாவ" என்றார்.

இத்தனை நாளும் எது நடந்தாலும் அவர் கொண்டுவந்த சேதி இதே வரிதானே? பிள்ளை காய்ச்சலில் பிதற்றிய நாளிலும் இதே வரிதான் வந்தது. இதை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது? எழுந்து போய் அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, ஒங்க மாதா மேல ஆணையா, உள்ளதைச் சொல்லுங்க."

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். "முழிச்சிட்டா. வாந்தி எடுத்தா. ஒங்க பெஞ்சாதி சேலையெல்லாம் நாசம். தண்ணி கேட்டா, குடுக்கல. எலும்புல ஒரு துண்டு அழுகியிருந்துச்சாம், அதை எடுத்துப் போட்டுட்டாவளாம். காய்ச்சல் எறங்குனாத்தான் சொல்லமுடியும்னு டாக்டர் சொல்லுதாரு. எங்கப்பா வரக்கூடாதுன்னு சொல்லுதா."

கடைசி வரிதான் என்னை உட்காரவைத்தது. கோபப்பட உயிர் இருக்கிறது. அன்று சாயங்காலம் பார்வை நேரத்துக்கு நான் உள்ளே போகவில்லை. அவள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளே. மதிலுக்கு வெளியே, அந்தப் பஞ்சு மூட்டை ஜன்னலுக்குக் கீழே, அது பஞ்சு மூட்டை என்று தெரியாமல், ஆஸ்பத்திரி மணியடித்து எல்லோரும் வெளியே வருகிறவரை நின்றேன்.

காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை. இறங்கும், ஏறும். ஆலந்தலைக்காரர் மகள் அதற்குள் குணமாகிவிட்டாள். அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். போய்விட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் என்ன சொல்வது என்று தெரியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். புதிதாக வேறு அப்பன்மார் வந்தார்கள். ஒருவர் வந்து பாயை விரித்ததும் தரை வெடிப்பில் விரலை விட்டார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இன்னொரு தடவை தொடையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். அதன்பிறகு சீழ் நின்றது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, பங்குனி மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் பின்சீட்டு முழுவதும் அவளைப் படுக்கவைத்து, நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இடது கால் மட்டும் சரியாக வளரவில்லை. வலது காலைவிட இரண்டு விரல்கடை கட்டை. அந்தச் செருப்புக்கு மட்டும் அடியில் தடித்த தோல் வைத்துத் தைத்து நடக்கிறாள்.